நரம்பை விரலால் தேடுங்கள்

வயிற்றுப்போக்கில் துவண்டுபோன ஒரு பாட்டாவுக்கு வென்ஃப்ளான், அதாவது டிரிப்ஸ் ஏற்ற ஊசியோடு நரம்பில் செருகும் சிறு குழாய், போட வேண்டியிருந்தது. குலசேகரத்துக்கு மேலே உள்ள தோட்டங்களில் நாற்பது ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டியவர். எங்களிடம் வரும் முன்பே வேறோர் இடத்தில் நான்கு முறை குத்திப் பார்த்துவிட்டார்கள். இரண்டு புறங்கைகளிலும் நாவல்பழ நிறத்தில் திட்டுகள். "வலது கை வேண்டாம் மக்களே, கத்தி பிடிக்கிற கை" என்றார். கண்ணுக்கு ஒரு நரம்பும் தெரியவில்லை.

புதிதாக டியூட்டிக்கு வரும் தங்கைகளும் தம்பிகளும் இந்த இடத்தில்தான் பதறுகிறார்கள். நெய்யூரில் 1838-இல் மருத்துவ மிஷன் தொடங்கிய கன்னியாகுமரி மாவட்டம் இது. தெருவுக்கு ஒரு நர்ஸ் இருக்கிறார். ஆனாலும் இந்தக் கைவேலையைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வார்டில் யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் என் கைக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதலில் நோயாளியிடம் கேளுங்கள். எந்தக் கையால் சாப்பிடுகிறார், எந்தக் கையால் வேலை செய்கிறார்? டயாலிசிஸ் செய்பவரா? அப்படியானால் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக அறுவை செய்து இணைத்த இரத்தக்குழாய், உள்ள கையைத் தொடவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கமும் வேண்டாம். பக்கவாதம் வந்த கையையும் விட்டுவிடுங்கள். அங்கே வலித்தாலும் அவரால் சொல்ல முடியாமல் போகலாம்.

அடுத்து, அவசரப்படாதீர்கள். அந்தப் பாட்டாவின் கையை இளஞ்சூடான ஈரத் துவாலையால் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு முழங்கைக்கு நான்கு விரல் கீழே டூர்னிக்கே என்கிற இறுக்குப் பட்டையைக் கட்டினேன். மணிக்கட்டில் நாடி துடிப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இறுக்கம் அதிகம் என்று பொருள். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டிவைக்காமல் இருப்பது நல்லது. முதியவர்களில் சிலருக்குத் தோல் காகிதம் போல இருக்கும். அவர்களுக்குக் கட்டாமலே போடலாம். கட்டினால் நரம்பு வெடித்துவிடும்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் தடவுங்கள். நல்ல நரம்பு அழுத்தினால் அமுங்கி, விட்டால் மேலே எழும்பும். துடித்தால் அது தமனி. கயிறு போல இறுகிக் கிடந்தால் பலமுறை குத்து வாங்கிக் களைத்துப்போன நரம்பு. நடுவே சிறு முடிச்சு தட்டுப்பட்டால் அது வால்வு, அதற்கு மேலே குத்துங்கள். பாட்டாவின் இடது முன்கையின் வெளிப்பக்கத்தில், வெயிலில் கருத்த தடித்த தோலுக்கு அடியில், அப்படி ஒன்று விரலுக்குக் கிடைத்தது. கண்ணுக்கு அது கடைசிவரை தெரியவில்லை.

இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்க்குச் சிரை என்று பெயர்; வார்டில் அப்படி யாரும் சொல்வதில்லை. நரம்பு என்றே சொல்கிறோம். பேச்சுக்கு அது போதும். ஊசி பிடிக்கும்போது மட்டும் வேறுபாடு நினைவில் இருக்க வேண்டும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கம் ஓடும் சிரை பருமனாக இருந்து ஆசைகாட்டும். அதை ஒட்டியே உணர்ச்சியைக் கடத்தும் உண்மையான நரம்பும் போகிறது. குத்தியதும் ஷாக் அடித்தது போல விரல்வரை இழுக்கிறது என்று நோயாளி சொன்னால், இரத்தம் வந்திருந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள்.

குழாயின் அளவு, தேவையைப் பொறுத்தது. நிறமும் எண்ணும் அதைக் காட்டும்; எண் கூடக் கூடக் குழாய் மெலியும். விபத்து, இரத்தம் ஏற்றுவது என்றால் பச்சை, அதாவது 18. சாதாரண டிரிப்ஸுக்கு பிங்க் 20 தாராளம். மெலிந்த முதியவர்களுக்கு நீலம் 22, குழந்தைகளுக்கு மஞ்சள் 24. பாட்டாவுக்கு நீலம் போட்டேன்.

ஸ்பிரிட் பஞ்சால் முப்பது விநாடி அழுத்தித் தேய்த்து, தானாகக் காயவிடுங்கள். ஊதவோ விசிறவோ கூடாது. துடைத்த இடத்தை மறுபடி விரலால் தொடவும் கூடாது. இடது கையால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். முதியவர்களின் நரம்பு வழுக்கி ஓடும். பாதிக் குத்துகள் தவறுவது இந்த இழுப்பு இல்லாததால்தான். ஊசியை நன்றாகச் சாய்த்து மெதுவாக நுழையுங்கள். பின்னால் இரத்தம் தெரிந்ததும் பலர் மகிழ்ந்துபோய்க் குழாயைத் தள்ளிவிடுகிறார்கள். அப்போது ஊசிமுனை மட்டுமே உள்ளே போயிருக்கிறது, குழாய் இன்னும் வெளியே. ஊசியை இன்னும் தாழ்த்தி, இரண்டு மில்லிமீட்டர் அளவு முன்னே கொண்டுபோய், அதன் பிறகு ஊசியை அசையாமல் பிடித்துக் குழாயை மட்டும் வழுக்கவிடுங்கள். டூர்னிக்கேயை அவிழ்த்துவிட்டு ஊசியை உருவுங்கள். உருவிய ஊசியை ஒருபோதும் அதே குழாய்க்குள் திரும்பச் செருகாதீர்கள். குழாய் அறுந்து இரத்த ஓட்டத்தில் போய்விடக்கூடும்.

ஊசி நேராக வெள்ளை நிறக் கூர்பொருள் டப்பாவுக்குள் போகட்டும். கையில் குத்திவிட்டால் பிதுக்காமல், வாயில் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அப்போதே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. பயந்து மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் பதைக்கிறது.

இரண்டு முறை தவறினால் மூன்றாவது குத்து உங்களுடையது அல்ல. வேறொருவரை அழையுங்கள்.

போட்டபின் ஐந்து மில்லி சலைன் விட்டுப் பாருங்கள், தோல் புடைக்கிறதா என்று. தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். பல நர்ஸுகளுக்கு வேலை இத்துடன் முடிந்துவிடுகிறது. என் மூன்றாம் ஆண்டில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு நைட் டியூட்டியில் ஓர் அம்மாவுக்கு டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. சொட்டு ஒழுங்காக விழுவதை மூன்று முறை டார்ச் அடித்துப் பார்த்தேன். மழைக்குளிர்; கை போர்வைக்குள் இருந்தது. விடிந்ததும் மகள் போர்வையை விலக்கினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கை வீங்கிப் பளபளத்தது, வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. "கை கனக்கிறது என்று அம்மா இரவெல்லாம் சொன்னார் சிஸ்டர், நான்தான் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்" என்றாள். வெறும் சலைன் என்பதால் இரண்டு நாளில் வடிந்தது. இரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினோ கால்சியமோ ஆக இருந்திருந்தால் சதை அழுகியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட மருந்து கசிந்தால் உடனே நிறுத்துங்கள். சலைன் விட்டுத் தள்ளாதீர்கள். குழாயை எடுக்காமல் டாக்டரை அழையுங்கள், உள்ளே நிற்கும் மருந்தை அதன் வழியாகவே உறிஞ்சி எடுக்க முடியும்.

காலையில் டியூட்டியை ஒப்படைக்கும்போது இப்போது நான் மேசையருகே நின்று பேசுவதில்லை. அடுத்து வருபவரைக் கட்டிலுக்கே அழைத்துப் போகிறேன். போர்வையை விலக்கி, இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்பு, சூடு, வீக்கம் இருக்கிறதா என்று இருவரும் தொட்டுப் பார்க்கிறோம். "வலிக்கிறதா பாட்டா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறோம்.