மாதவிலக்கு நின்றபின் உறவில் வலியா? யோனி க்ரீமைத் தொடங்குவது எப்படி

எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உடம்பு காந்துவதும் ராத்திரியில் வியர்த்துக் கொட்டுவதும் மெல்ல அடங்கிவிட்டன. அடங்காமல் ஏறிக்கொண்டே போனது வேறொன்று. உறவின்போது உப்புத்தாளால் தேய்த்தது போல எரியும், அப்புறம் இரண்டு நாளைக்கு நீர்க்கடுப்பு. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இதற்கெல்லாம் ஒரே பதில்தான்: "சூடு, இளநீர் குடி." குடித்தேன். வலி அப்படியே இருந்தது.

காரணம் சூடு இல்லை. விலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் யோனியின் உட்சுவர் மெலிந்து, ஈரமும் நெகிழ்வும் போய்விடுகின்றன. அங்கே அமிலத்தன்மையைக் காக்கிற லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமிகளும் குறைகின்றன. சிலருக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவது இதனால்தான். உடம்பு காந்தல் மாதிரி இது நாளாக நாளாகத் தானே தணிந்துவிடாது. மருத்துவச் சீட்டில் 'ஜி.எஸ்.எம்.' என்று எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினைதான். 2014இல் வைத்த பெயர் அது.

முதலில் டாக்டர்

இதற்கு மருந்து யோனிக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம். ஆனால் அதைக் கடையில் நேராகப் போய்க் கேட்டு வாங்க வேண்டாம். பூஞ்சைத் தொற்று, தோல் நோய், கட்டி என்று வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி ஆயிற்றே, இந்த வயசில் அங்கே எதற்கு என்று நானும் தயங்கினேன். அங்கே மகளிர் நோய்களையும் பார்க்கிறார்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் இந்த ஒரு வரி போதும்: "பீரியட்ஸ் நின்னதுக்கப்புறம் உறவு வச்சா வறண்டு வலிக்குது டாக்டர்."

கடைசியாக எப்போது விலக்கானது, அதற்குப் பிறகு ரத்தம் பட்டதா, மார்பகப் புற்றுநோய் இருந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

கடையில்

எனக்கு முதல் தடவை பூஞ்சைக்குப் போடும் க்ரீமைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கூச்சத்தில் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு வந்தது என் தப்பு. அட்டையில் எஸ்ட்ரியால், எஸ்ட்ராடியால், கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன் என்ற ஈஸ்ட்ரோஜன் வகைகளில் சீட்டில் எழுதிய மருந்துதான் இருக்கிறதா என்று பாருங்கள். க்ரீம் என்றால் அதை உள்ளே செலுத்தும் குழாயான அப்ளிகேட்டர் கூடவே இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

போடும் முறை

படுக்கப் போகும் நேரம்தான் சரி. என் வீட்டுக்காரர் விடியுமுன் காசிமேடு போகிறவர், எட்டு மணிக்கே தூங்கிவிடுவார். அதுவே எனக்குத் தோதாக இருந்தது.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ட்யூபின் வாய் தகடால் அடைத்திருந்தால் மூடியைத் திருப்பி அதன் கூர்முனையால் குத்தித் திறக்கலாம். அப்ளிகேட்டரை ட்யூபின் வாயில் திருகி, ட்யூபை வால் பக்கத்திலிருந்து அழுத்துங்கள். உள்ளே இருக்கும் தண்டு பின்னால் நகரும். டாக்டர் சொன்ன கோடு வந்ததும் நிறுத்திக் கழற்றிவிடுங்கள்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். அப்ளிகேட்டரை நேராக மேலே குத்தாமல், இடுப்பின் பின்பக்கம் நோக்கிச் சாய்த்து மெதுவாக விடுங்கள். வலித்தால் அதோடு நிறுத்துங்கள். மூச்சை விட்டு உடம்பைத் தளர்த்திய பிறகு தண்டை முழுசாக அழுத்தி, வெளியே எடுங்கள். அப்ளிகேட்டரே நுழையாத அளவுக்கு வலித்தால், முதல் சில நாள் விரல் நுனியில் எடுத்து யோனியின் வாய்ப்பகுதியில் தடவலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காலையில் உள்ளாடையில் கொஞ்சம் வெள்ளையாகப் படும், அது க்ரீம்தான். அப்ளிகேட்டரின் தண்டைத் தனியாக உருவி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம்.

எத்தனை நாள்

எஸ்ட்ரியால் க்ரீம் என்றால் பொதுவாக இரண்டு மூன்று வாரம் தினம் ஒரு தடவை, பிறகு வாரம் இரண்டு தடவை. உள்ளே வைக்கும் 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியால் மாத்திரைக்கு முதல் இரண்டு வாரம் தினமும், அப்புறம் அதே வாரம் இரண்டு. உங்கள் சீட்டில் வேறு மாதிரி இருந்தால் சீட்டுப்படிதான்.

நான் செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொண்டேன். தலைக்குக் குளிக்கிற நாள், மறக்காது.

பலரும் சறுக்குவது இங்கேதான். நாலு நாள் போட்டுவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். வறட்சி குறைவது தெரியவே சில வாரம் ஆகும், முழுப் பலனுக்கு 12 வாரம் கூட ஆகலாம். இன்னும் சிலர் உறவுக்கு முன்னால் வழுவழுப்புக்காக இதையே தடவுகிறார்கள். இது அதற்கான மருந்து இல்லை, கணவர் உடம்பிலும் ஹார்மோன் ஏறலாம். அதற்கு நீர் சேர்த்துச் செய்த லூப்ரிகன்ட் ஜெல் தனியாகக் கிடைக்கிறது. ஆணுறை போடுகிறவர்கள் தேங்காயெண்ணெயைத் தொடாதீர்கள், ரப்பர் இளகிக் கிழியும். சில ஹார்மோன் க்ரீம்களும் ஆணுறையைக் கெடுக்கும்.

அந்தத் தாளைப் பார்த்துப் பயந்தால்

அட்டைக்குள் மடித்து வைத்த தாளில் புற்றுநோய், பக்கவாதம் என்றெல்லாம் இருந்தால் திக்கென்றுதான் இருக்கும். 2002இல் அமெரிக்காவில் வெளியான விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வுக்குப் பிறகுதான் இந்தப் பயம் ஊரெல்லாம் பரவியது. அந்த ஆய்வில் பெண்கள் சாப்பிட்டது வாய்வழி ஹார்மோன் மாத்திரை. யோனிக்குள் குறைந்த அளவில் வைக்கும் மருந்து ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கிறது. அதனால்தான் இதற்குத் துணையாக, கர்ப்பப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. தாளை டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

ஆனால் விலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், க்ரீம் போட்டதால் இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

வலி போனதும் முதல் ட்யூபோடு நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் பழைய எரிச்சல் திரும்பி வந்தது. இப்போது ட்யூப் பாதி ஆகும்போதே அடுத்ததை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டையும் புதுப்பித்துக்கொள்கிறேன்.