லைட் எரிகிறது, வண்டியை யாரிடம் விடுவது?

ஒரு ஒர்க்‌ஷாப்பின் முன்மேசையில் உட்கார்ந்து ஜாப் கார்டு எழுதுவதுதான் பல வருடம் என் வேலை. வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டு எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். சாயங்காலம் பில்லை விளக்கிச் சொல்லி, வருகிற கோபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாற்காலியில் இருந்து பார்த்த எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். டாஷ்போர்டில் லைட் எரிந்து வரும் வண்டிகளில், பழுதுக்கு ஆகும் காசைவிட, பழுது எங்கே என்று தெரியாமல் மாற்றிய பார்ட்ஸுக்குப் போகும் காசுதான் வயிற்றெரிச்சல். அதனால் என் கணக்கில் நல்ல மெக்கானிக் என்றால், கழற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பவர். அவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம்.

தேட ஆரம்பிப்பதற்கு முன், தேட நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை லைட்டின் நிறம் சொல்லிவிடும். ஆயில் பிரஷர், என்ஜின் சூடு இரண்டில் எது சிவப்பாக எரிந்தாலும் பாதுகாப்பாக ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள். ‘பக்கத்தில்தானே ஷெட்’ என்று ஓட்டிப் போகும் அந்தக் கொஞ்ச தூரத்திலேயே என்ஜின் போய்விடலாம். மஞ்சள் என்றால் பொதுவாக நேரம் உண்டு. ஒரே ஒரு விதிவிலக்கு, செக் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுவது. மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைப் பாழாக்குகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் நிறுத்துவது நல்லது.

மஞ்சள் லைட் அசையாமல் எரிந்தால் காசில்லாத இரண்டு வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்க் மூடி ‘டிக்’கென்று இறுகியிருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் ஆவிக் கசிவைக் கண்காணிக்கும் வண்டிகளில் அது தளர்ந்திருந்தாலே லைட் வரும்; இறுக்கிய உடனே அணையாது, சில ஓட்டம் ஆகும். அடுத்தது பேட்டரி. ஒரே நேரத்தில் நாலைந்து லைட் சேர்ந்து எரிந்தால் அத்தனையும் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், வோல்டேஜ் குறைந்தாலே பல கம்ப்யூட்டர்கள் ஒன்றாகப் புலம்பும். என்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 14 வோல்ட் பக்கம் இருந்தால் சந்தேகம் வேறு இடத்தில்.

அப்புறம் ஒரு தாளில் எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். “லைட் எரியுது, பாருங்க” என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தவர்களின் வண்டி, மெக்கானிக் கையில் அரை நாள் சும்மா நின்றிருக்கிறது. “மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் உதறுகிறது, என்ஜின் சூடானதும் சரியாகிவிடுகிறது” என்று ஒருவர் சொன்னால், மெக்கானிக் நேராகத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலையும் பிளக்கையும் பார்க்கப் போவார். குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, என்ன வேகம், மேடா, பெட்ரோல் போட்ட பிறகா, வேறு ஏதாவது வேலை பார்த்த பிறகா, சத்தமோ வாசனையோ வந்ததா, எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். லைட் எரியும்போது டாஷ்போர்டைப் போட்டோ எடுப்பதும் உதவும், ஷெட்டுக்குப் போனதும் அது அணைந்துவிடும் ராசி பல வண்டிகளுக்கு உண்டு.

முடிந்தால் கோடையும் (code, பழுதைப் பற்றி வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் எண்) நீங்களே படித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1996 முதல், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் கட்டாயமான ஓபிடி (OBD) சாக்கெட், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச உதவும் சாக்கெட், 16 பின் கொண்டது, பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். சின்ன புளூடூத் ரீடரைச் செருகினால் போனில் கோடு வந்துவிடும். பி (P) என்று ஆரம்பித்தால் என்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. சி (C) என்றால் பிரேக், ஸ்டியரிங் பக்கம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அழிக்காதீர்கள். கோடு பதிவான நொடியில் என்ஜின் எந்தச் சுற்றில் ஓடியது, எவ்வளவு சூடு, என்ன வேகம் என்ற விவரமும் கூடவே பதிவாகியிருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். அழித்தால் அதுவும் போய்விடும், மெக்கானிக்குக் கிடைக்கும் நல்ல தடயம் அது.

இன்னொன்று, கோடு எந்தப் பார்ட் கெட்டது என்று சொல்லாது. மாடி வீட்டில் சத்தம் கேட்கிறது என்று புகார் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, எங்கே சத்தம் என்பது அதற்குத் தெரியும், யார் போட்டது என்று தெரியாது. பி0171 வந்தால் என்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. காற்றுக்குழாயில் விரிசல் இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு இருக்கலாம், பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம். ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும்போது) இந்தக் காற்று, பெட்ரோல் கணக்கு மோசமாக இருந்து, நிமிடத்துக்கு 2500 சுற்றில் சரியானால் பெரும்பாலும் காற்றுக் கசிவு. சுமை ஏற ஏற மோசமானால் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்கேனர் திரையைச் சில நிமிடம் நிதானமாகப் பார்த்தாலே கிடைக்கும் விஷயம்தான். பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி.

இப்போது ஆள் தேடுவோம். நெட்டில் ஒர்க்‌ஷாப்புக்குப் போட்ட நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, உங்கள் மாடலையே வைத்திருப்பவர்களிடமும் வாடகைக் கார் ஓட்டுபவர்களிடமும் கேளுங்கள். வண்டி நின்றால் வருமானம் நிற்கும் ஆட்கள் ஏமாற்றுப் பேர்வழியிடம் இரண்டாவது முறை போக மாட்டார்கள். நான் நம்பும் இன்னொரு ஆள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுன்ட்டரில் இருப்பவர். எந்த ஷெட்டுக்காரர் ஒரு வண்டிக்கு மூன்று சென்சார் வாங்கி இரண்டைத் திருப்பிக் கொண்டுவருகிறார் என்பது அவருக்கு அத்துப்படி. நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார். “உங்க சொந்த வண்டியை யார்கிட்ட விடுறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள்.

வண்டி இன்னும் வாரன்டியில் இருந்தாலோ, சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பழுதைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கம்பெனி ரீகால் அறிவித்திருந்தாலோ இந்த அலைச்சலே வேண்டாம், கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும் போன் செய்து, கோடைச் சொல்லி, எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பி0420 என்று வைத்துக்கொள்வோம், கேட்டலிஸ்ட், அதாவது முன்னே சொன்ன கேட்டலிடிக் கன்வெர்ட்டர், சரியாக வேலை செய்யவில்லை என்னும் கோடு. “கேட்டலிஸ்ட் மாத்தணும் சார், இவ்வளவு ஆகும்” என்று உடனே தொகை சொல்பவரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். “பார்க்காம சொல்ல முடியாதுங்க. மிஸ்ஃபயர் கோடு ஏதாவது கூட இருக்கா? ஆயில் குறையுதா?” என்று திருப்பிக் கேட்பவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதைத் தேடுகிறார் என்றால், சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டியில் கேட்டலிஸ்டுக்கு முன்னால் இருக்கும் சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஆடும். கேட்டலிஸ்ட் நன்றாக இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் சென்சார் பெரிதாக ஆடாது. பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் கேட்டலிஸ்ட் சோர்ந்துவிட்டது. ஆனால் எக்ஸாஸ்ட் குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் இந்தக் கோடு வரலாம். தவிர, கேட்டலிஸ்ட் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. மிஸ்ஃபயரோ, என்ஜின் ஆயில் குடிப்பதோ கொன்றிருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதிதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

‘ஸ்கேனிங் இலவசம்’ என்ற போர்டைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உஷார் வரும். அங்கே இலவசமாகக் கிடைப்பது கோடு வாசிப்பு, இரண்டு நிமிட வேலை. பழுதைத் தேடும் நேரத்துக்கு யாராவது காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். தனியாக வாங்கவில்லை என்றால் அது மாற்றும் பார்ட்ஸில் ஏறும். சோதனைக்குத் தனிக் கட்டணம் சொல்லி, வேலையைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது மட்டும்தான் என்பவரோடு எனக்குச் சண்டையே வராது.

நேரில் போனதும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இந்தப் பார்ட்தான்னு எதை வச்சு முடிவு பண்ணீங்க?” பி0301க்கு ஒரு நல்ல பதில் இப்படி இருக்கும்: முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை இங்கே போட்டு ஓட்டினோம், கோடு பி0302 ஆகிவிட்டது, அதனால் காயில்தான். கோடு நகராமல் அங்கேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும். ஏபிஎஸ் லைட் என்றால், வண்டியை மெதுவாக உருட்டும்போது மூன்று சக்கரம் 20 கி.மீ. வேகம் காட்ட ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டுவதைத் திரையிலேயே காண்பிப்பார். அதற்குப் பிறகும் சென்சாரை மாற்றுவதற்கு முன் வயரை அசைத்துப் பார்ப்பார், கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று தேடுவார். ஏர்பேக் லைட் மட்டும் வேறு கதை. அதைப் படிக்கிற ஸ்கேனர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கரன்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர் பக்கம் போனால் ஏர்பேக் வெடித்துவிடலாம், அப்படிப் போகிற ஆளிடம் இருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

“தேடிப் பார்த்தேன், கிடைக்கல. மறுபடி எரிஞ்சா அணைக்காம அப்படியே கொண்டு வாங்க” என்று ஒரு மெக்கானிக் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். விட்டு விட்டு வரும் பழுதுக்கு அதைவிட நேர்மையான பதில் இல்லை. என் மேசையில் இந்தப் பதிலைச் சொல்லும்போதுதான் திட்டு அதிகம் விழும். எதையாவது மாற்றி பில் போட்டால் சந்தோஷமாகக் கட்டிவிட்டுப் போவார்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் போனால் போன் செய்து கேட்க வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பார்ட் எந்தக் கம்பெனி என்பது பில்லில் வர வேண்டும், சென்சார் விஷயத்தில் பெயரில்லாத மலிவுச் சரக்கு மறுபடி அதே லைட்டைக் கொண்டுவரும். கியாரன்டி பார்ட்டுக்கு மட்டுமா, கூலிக்கும் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பார்ட் உங்களுக்கு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆல்டர்னேட்டர் மாதிரி பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் பொருளென்றால் பார்த்துவிட்டுக் கொடுத்தால் போதும்.

வண்டியை எடுக்கும்போது சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். செக் என்ஜின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் லைட்டையே யாரோ ஊமையாக்கியிருக்கலாம். அடுத்து ரீடரில் ரெடினெஸ் பகுதியைப் பாருங்கள், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்துவிட்டதா என்று அது காட்டும். கோடை அழித்தவுடன் பல சோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டும், அது இயல்பு. வழக்கமாக லைட் வரும் அதே சூழ்நிலையில் சில நாள் ஓட்டி, சோதனைகள் முடிந்து, பெண்டிங்கில் (இன்னும் உறுதியாகாத கோடுகளின் பட்டியலில்) எதுவும் இல்லை என்றால் வேலை நடந்திருக்கிறது. அதே கோடு திரும்பி வந்தால் பில்லோடு அவரிடமே போங்கள், அது அவர் பொறுப்பு. வேறு கோடு வந்தால் அது புதுப் பழுதாகவும் இருக்கலாம், வேலையின்போது மாட்ட மறந்த கனெக்டராகவும் இருக்கலாம். சண்டையை ஆரம்பிக்கும் முன் பானெட்டைத் திறந்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.