நிலவியல் அறிமுக வகுப்பில் ஆசிரியர்களாகிய நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, பூமியைக் குறுக்கே வெட்டினால் உள்ளே என்ன இருக்கும் என்று மாணவர்களை வரையச் சொல்லிப் பாருங்கள். மேலே ஓர் ஓடு, அதற்குக் கீழே முழுக்கக் கொதிக்கும் சிவப்புக் குழம்பு, அதன்மேல் தெப்பம் போலக் கண்டங்கள். பெரும்பாலும் இந்தப் படம்தான் வரும். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாடப்படத்தில் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்துக்குச் சிவப்பு வண்ணம் அடித்தது நாம், பூமியின் மேற்பகுதியாக அமைந்த பெரும் பாறைத் தட்டுகள் 'மிதக்கின்றன' என்று சொன்னது நாம், போதாக்குறைக்கு அடுப்பில் கொதிக்கும் தண்ணீரைக் காட்டி, சூடானது மேலே எழுந்து குளிர்ந்தது கீழே இறங்கும் வெப்பச்சலனத்தை விளக்கியதும் நாம்தான்.

கவசம் திடமான பாறை. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் என்ற அதிர்வுகள் திரவத்துக்குள் போகாது, ஆனால் கவசத்தை அவை தாராளமாகக் கடந்து, சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் திரவமான வெளிக்கருவம் தொடங்கும் இடத்தில்தான் நின்றுபோகின்றன. இந்த ஒரு சான்றை நிதானமாகச் சொன்னாலே போதும், பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி, 'திடமாக இருந்தால் எப்படி நகரும்?' என்ற கேள்வி, அது நல்ல கேள்வி, அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். கொதிக்கும் தண்ணீரை விட்டுவிட்டு பனியாற்றைச் சொல்லுங்கள்: கையில் எடுத்தால் கல் மாதிரி இறுகிய பனி, ஆனாலும் மலைச்சரிவில் மெதுவாக வழிந்து இறங்குகிறது. கவசப் பாறை அதைவிடவும் மெதுவாக, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில் நகர்கிறது.

உடனே அடுத்த கேள்வி வரும், அப்படியென்றால் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது என்று. பாறை மேலே எழும்போது அதன்மீதுள்ள அழுத்தம் குறைந்து ஒரு பகுதி உருகுகிறது, தட்டுகள் விலகிச் செல்லும் கடலடி மலைத்தொடர்களான கடல்நடு முகடுகளில் நடப்பது இது. ஒரு தட்டு இன்னொன்றின் கீழே அமிழும் இடங்களில், அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. 'ஆழத்தில் சூடு அதிகம், அதனால் உருகுகிறது' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பழைய சிவப்புக் குழம்பு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

படத்தின் அளவும் ஏமாற்றும். எழுதுவதற்கு இடம் வேண்டுமே என்று மேலோட்டைத் தடிமனாக வரைந்துவிடுகிறோம். கயிறும் சாக்பீஸும் வைத்து 64 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள், ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆகும். கண்டங்களின் மேலோடு அதில் மூன்றரை மில்லிமீட்டர் வரும். கடலடி மேலோடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது, நாம் போட்ட கோடே அதைவிடத் தடிமன்.

காலத்தைச் சொல்லிக்கொடுப்பதில் நடக்கும் தவறு வேறு மாதிரி. 454 கோடி ஆண்டுகள் என்று பலகையில் எழுதிவிட்டால் புரிந்துவிடும் என்று நினைக்கிறோம், மாணவருக்கு 45 கோடியும் 454 கோடியும் ஒன்றுதான், இரண்டுமே 'ரொம்பக் காலம்'. நீளமான தாழ்வாரம் இருந்தால் 45 மீட்டர் 40 சென்டிமீட்டர் அளந்து, ஒரு முனை பூமியின் பிறப்பு, மறுமுனை இன்று என்று வையுங்கள். டைனோசர்கள் அழிந்த இடத்தில் போய் நில்லுங்கள் என்று முதலில் அவர்களை நிற்க வைத்துவிட்டு அப்புறம்தான் அளக்க வேண்டும், இந்த வரிசையை மாற்றாதீர்கள். அந்த இடம் கடைசி முனையிலிருந்து வெறும் 66 சென்டிமீட்டர், நம் இனத்தின் காலம் மொத்தமுமே 3 மில்லிமீட்டர். தான் நின்ற இடத்துக்கும் அளந்த இடத்துக்கும் நடுவே நடந்து போன மாணவர் அதை மறக்கமாட்டார்.

காலக்கணிப்பு என்றதும் எல்லோரும் கார்பனைத்தான் சொல்வார்கள். கார்பன்-14இன் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 5,730 ஆண்டுகள், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளக்கும் அளவுக்கு அதில் எதுவும் மிஞ்சாது, ஆகவே டைனோசர் எலும்புக்கு அது உதவாது. பழம்பாறைகளுக்கு யுரேனியம் போன்றவை வேண்டும். இரண்டு அரை ஆயுட்காலம் கழிந்தால் முழுவதும் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஒரு தாளைப் பாதியாகக் கிழித்து, மிச்சத்தையும் பாதியாகக் கிழிக்கச் சொல்லுங்கள், கையில் கால்பங்கு இருக்கும்.

பாறைச் சுழற்சிப் படத்தை மட்டும் வட்டமாக வரையாதீர்கள். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்ற அதே வரிசையில்தான் ஒவ்வொரு பாறையும் சுற்றி வர வேண்டும் என்று அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. எதுவும் எதுவாகவும் மாறலாம், படிவுப்பாறையே அரிக்கப்பட்டு மறுபடியும் படிவுப்பாறை ஆகலாம். உருமாற்றம் என்பது உருகுதல் இல்லை என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள், சுண்ணாம்புப் பாறை பளிங்காவது திட நிலையிலேயே. கனிமமும் பாறையும் வேறு என்பதற்கு ஒரு கிரானைட் துண்டும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும், ஒரே பாறைக்குள் பல கனிமங்களின் மணிகள் கண்ணில் படும்.

தட்டுகளை நடத்தும்போது வரையறையோடு தொடங்க வேண்டாம். வெறும் உலக வரைபடத்தில் தட்டுகளின் எல்லையைக் குறிக்கச் சொன்னால் பலர் கடற்கரையையே பின்பற்றிக் கோடு போடுவார்கள், கண்டமும் தட்டும் ஒன்று என்ற எண்ணம் அங்கேதான் வெளியே தெரியும். சரி தவறு எதுவும் சொல்லாமல் நிலநடுக்கங்கள் நடந்த இடங்களைப் புள்ளி வைத்த வரைபடத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் புள்ளிகளைக் காணோமே, அட்லாண்டிக்கின் நட்டநடுவில் இப்படி வரிசையாகப் போகிறதே என்று யாராவது ஒருவர் கேட்கும்வரை பொறுங்கள்.