‘ஒன்லி’ என்று எழுதி 480 பவுண்டு போனது

இந்த ஆடியில் லீவுக்குக் காரைக்குடி வந்திருந்தேன். செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் கண்டனூர், புதுவயல், தேவகோட்டைப் பக்கமிருந்து ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். குக்கர் கொண்டுபோகலாமா, புளி எவ்வளவு, கம்பளிச் சட்டையை இங்கேயே வாங்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அதையெல்லாம் உங்கள் அம்மாக்களே பார்த்துக்கொள்வார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு: நம் ‘தான்’ என்ற அழுத்தத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பது.

அரசாங்க வேலைகளை முதலில் முடித்துவிடுகிறேன். விசா இப்போது அட்டையாக வருவதில்லை, இ-விசாதான். அதற்கான ஆன்லைன் கணக்கைத் திறந்து பாஸ்போர்ட்டோடு இணைத்துவிடுங்கள். போய் இறங்கிய வாரமே பக்கத்து ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பெயர் பதியுங்கள், காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பகுதிநேர வேலைக்குப் போவதானால் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற அரசாங்கக் காப்பீட்டுக் கணக்கின் எண் வேண்டும். முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வீட்டுவரி கிடையாது, கல்லூரிச் சான்றைக் கவுன்சிலுக்கு அனுப்பினால் போதும். 2019 ஜூன் முதல், சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக்கூடாது. வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிய வேண்டும்.

இத்தனையும் எனக்கு ஒழுங்காகவே நடந்தது. பணம் போனது ஒரு சொல்லால்.

நான் லெஸ்டருக்குப் போனது 2019 செப்டம்பரில். பெரியப்பா மகன் அங்கே ஏற்கனவே இருந்தார். நான் வருவதற்கு முன்பே அண்ணன் வீடு பார்த்து, டெபாசிட் 550 பவுண்டைத் தன் வங்கிக் கணக்கிலிருந்து கட்டி, முதல் மாத வாடகை 480 பவுண்டை ஏஜென்ட் ஆபீசில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டார். ரசீது வாங்கவில்லை. சில நாளில் ஏஜென்டிடமிருந்து மெயில் வந்தது: டெபாசிட் வந்த கணக்கில் உங்கள் பெயர் இல்லையே, கட்டியது யார்? அண்ணன்தான் கட்டினார் என்று சொல்ல நினைத்து, ‘மை பிரதர் ஒன்லி பெய்ட் தி டெபாசிட்’ என்று பதில் போட்டேன்.

ஒரு வருஷம் கழித்து வீட்டைக் காலி செய்தபோது, முதல் மாத வாடகை வரவில்லை என்று டெபாசிட்டில் 480 பவுண்டைப் பிடித்தார்கள். டெபாசிட்டைப் பதிந்திருந்த பாதுகாப்புத் திட்டத்தின் தகராறுத் தீர்வுக்குப் போனேன். அங்கே யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை, இரு தரப்புக் காகிதங்களையும் படித்துத் தீர்ப்பு எழுதுவார்கள். ஏஜென்ட் வைத்த முதல் காகிதமே என்னுடைய அந்த மெயில். என் அண்ணன் டெபாசிட் மட்டும்தான் கட்டினார், வாடகை கட்டவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக அவர்கள் அதைப் படித்தார்கள். படித்துத் தீர்ப்பு எழுதியவருக்கும் அப்படித்தான் பட்டது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அண்ணன் குளிரில் பஸ் பிடித்துப் போய்க் கையால் எண்ணிக் கொடுத்த பணம் அது.

நம் ஊரில் ‘ஹி ஒன்லி டோல்ட்’ என்றால் ‘அவர்தான் சொன்னார்’ என்று எல்லோருக்கும் புரியும். அதைத் தப்பான ஆங்கிலம் என்று நான் சொல்லமாட்டேன், அது நம் ஆங்கிலம். ஆனால் இங்கிலாந்துக்காரர் ‘ஒன்லி’யைப் பின்னால் வருகிற சொல்லோடு சேர்த்து, ‘மட்டும்’ என்றே படிப்பார். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த ஊர் நம்முடையது. மலாயாவில் ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதிய என் ஐயா, தொகையை எண்ணால் எழுதி, திரும்ப எழுத்தால் எழுதி, ‘மட்டும்’ என்று முடிப்பார். அதற்கு மேல் ஒரு காசு யாரும் சேர்க்க முடியாதபடி அந்தச் சொல் அடைத்துவிடும். செக்கில் ‘ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி’ என்று நாம் எழுதுவதும் அதற்காகத்தான். என் மெயிலிலும் அது அடைக்கத்தான் செய்தது, வாடகையை வெளியே தள்ளி அடைத்துவிட்டது.

சரி, ‘தான்’ என்பதை எப்படிச் சொல்வது? வாக்கியத்தை இரண்டாகப் பிளக்க வேண்டும். ‘இட் வாஸ் மை பிரதர் ஹூ பெய்ட் தி டெபாசிட்.’ கட்டியது வேறு யாருமில்லை, அண்ணன்தான். தேதியை அழுத்திச் சொல்லவும் இதே அச்சு: ‘இட் வாஸ் ஆன் தி ஃபோர்த் தட் ஐ சென்ட் இட்.’ நாலாம் தேதிதான் அனுப்பினேன். ‘ஐ சென்ட் இட் ஆன் தி ஃபோர்த் ஒன்லி’ என்றால், நாலாம் தேதி மட்டும் அனுப்பினேன், வேறு எந்த நாளிலும் அனுப்பவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

செய்யவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, செய்தேன் என்று மறுக்க ‘டிட்’ இருக்கிறது. ‘ஐ டிட் பே தி ரென்ட்.’ இது நமக்குப் புதிதே இல்லை. ‘கட்டத்தான் செய்தேன்’ என்கிறோமே, அந்தச் ‘செய்’தான் அங்கே ‘டூ’. ‘டிட்’ வந்துவிட்டால் ‘பெய்ட்’ என்று போடக்கூடாது, ‘பே’ என்று வெறும் வினையாக நிற்கும். பேசும்போது குரல் ‘டிட்’டின் மேல் விழ வேண்டும். யாரும் மறுக்காத இடத்தில் இதைப் போட்டால் சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும்.

இதே ‘டூ’ உபசரிப்பிலும் வரும். பக்கத்து வீட்டு மூதாட்டி கேக் தட்டை நீட்டி, ‘டூ ஹேவ் அனதர் ஒன்’ என்றார். ஏன் இப்படி அதட்டுகிறார் என்று முதலில் சுருக்கென்றிருந்தது. அப்புறம்தான் புரிந்தது, வெள்ளைப் பணியாரத் தட்டோடு நின்றுகொண்டு ‘இன்னும் ஒண்ணு வச்சுக்கத்தான் வேணும்’ என்று என் அப்பத்தா சொல்வதும் இதுதானே என்று. அன்றைக்கு ஊர் ஞாபகம் வந்து தூக்கமே இல்லை.

கேட்டதைத் தவிர மற்றதெல்லாம் ஏஜென்ட் தருகிறார் என்றால், ‘வாட் ஐ நீட் இஸ் எ ரிசீட்’ என்று எழுதுங்கள். ‘எனக்கு வேண்டியது ரசீது’ என்பதன் அச்சு அப்படியே. ‘இட்செல்ஃப்’ என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். ‘அவரிடமே சொன்னேன்’ என்பது ‘ஐ டோல்ட் ஹிம் இட்செல்ஃப்’ ஆகாது. ‘ஐ டோல்ட் தி மேனேஜர் ஹிம்செல்ஃப்’ சரி, பெண்ணானால் ‘ஹெர்செல்ஃப்’. ‘டுடே இட்செல்ஃப்’ என்றும் அங்கே சொல்வதில்லை, வெறும் ‘டுடே’யைக் குரலில் அழுத்தினால் போதும். நாம் ஏகாரத்தில் வைக்கிற அழுத்தத்தை அவர்கள் தொண்டையில் வைக்கிறார்கள். கடிதத்துக்குத் தொண்டை கிடையாது என்பதால்தான் அங்கே இந்த இலக்கணமெல்லாம் தேவைப்படுகிறது.

புகார்க் கடிதத்துக்கென்று இன்னொன்று உண்டு. ‘அட் நோ டைம் டிட் ஐ அக்ரீ டு திஸ்.’ எந்தக் கட்டத்திலும் நான் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்மறைச் சொல் முன்னால் வந்ததும் ‘டிட்’ எழுவாயைத் தாண்டிக் குதிக்கும். கடிதத்தில் கம்பீரமாக நிற்கும், டீக்கடையில் சொன்னால் மேடைப்பேச்சு மாதிரி கேட்கும். கோபத்தில் எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக அடிப்பது, மூன்று ஆச்சரியக்குறி போடுவது இரண்டும் வேண்டாம், கத்துவதாக எடுத்துக்கொள்வார்கள்.

போன வருஷம் புதுவயல் பெண் ஒருத்திக்கு இதே மாதிரி சிக்கல் வந்து என்னைக் கூப்பிட்டாள். அவளுடைய மாமா வாடகை கட்டியிருந்தார், ஏஜென்ட் வரவில்லை என்றார். இரண்டு பேரும் போனில் உட்கார்ந்து இரண்டே வரி எழுதினோம். ‘இட் வாஸ் மை அங்கிள் ஹூ பெய்ட் போத் தி டெபாசிட் அண்ட் தி ஃபர்ஸ்ட் மந்த்ஸ் ரென்ட். ஹி டிட் பே இன் ஃபுல், அண்ட் தி பேங்க் ஸ்டேட்மென்ட் இஸ் அட்டாச்ட்.’ அவள் மாமா ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பியிருந்தார், அது பெரிய பலம். டெபாசிட் முழுசாகத் திரும்ப வந்தது. இந்த ஆடியில் அவள் அம்மா ஒரு டப்பா சீப்புச்சீடையோடு வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார்கள்.