ரெய்ட் அட்டையை லினக்ஸ் ட்றைவர் வழியே கையாளுதல்: வன்னியில் சேர்வர் வைத்திருப்போருக்கு

ரெய்ட் அட்டை பல டிஸ்க்குகளை ஒரே தொகுதியாகச் சேர்த்து ஓட்டும். நான்கு டிஸ்க் போட்ட ரெய்ட் 5இல் (ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும் முறை) ஒன்று செத்தாலும் சேர்வர் நிற்காது. ஆபத்தே அதில்தான். லினக்ஸுக்கு நான்கும் சேர்ந்து 'எஸ்டிஏ' என்ற ஒரே டிஸ்க்காகத் தெரியும். கோப்பு திறக்கும், பதிவாகும், மூன்றுதான் ஓடுகின்றன என்பது ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது டிஸ்க் விழும் நாளில் எல்லாம் போய்விடும். கொழும்பில் வாங்கிய டிஸ்க் ஏ9 வழியே கிளிநொச்சிக்கு வர, கடை திறந்த நாளிலும் ஓர் இரவு வேண்டும். ஆகவே முதல் டிஸ்க் விழுந்தவுடனேயே உங்களுக்குச் செய்தி வர வேண்டும், மாற்று டிஸ்க் ஒன்று அலுமாரியில் தயாராக இருக்க வேண்டும்.

முதலில் எந்த ட்றைவர் (லினக்ஸ் அட்டையைக் கையாள உதவும் மென்பொருள்) ஓடுகிறது என்று பாருங்கள். 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'என்என்கே' என்ற தெரிவோடு ஓட்டினால் அட்டையின் பெயருக்குக் கீழே பயன்பாட்டிலுள்ள ட்றைவர் வரும். டெல் பெர்க், எல்எஸ்ஐ மெகாரெய்ட் அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு 'மெகாரெய்ட்_சாஸ்'. எச்பி ஸ்மார்ட் அரேக்கு 'எச்பிஎஸ்ஏ', புதியவற்றுக்கு 'ஸ்மார்ட்பிக்யூஐ'. இரண்டாம் கை சேர்வர் வாங்குவோர் இதைக் கட்டாயம் சரிபார்க்கவும்: 2019இல் வந்த ரெட் ஹாட் 8, பெர்க் 5 போன்ற பழைய அட்டைகளுக்கான ஆதரவை ட்றைவரிலிருந்தே எடுத்துவிட்டது. நிறுவும்போது டிஸ்க்கே இல்லை என்று திரையில் வரும். அட்டை பழுது என்று நினைத்துக் கழற்றாதீர்கள், முதலில் டெபியனைப் போட்டுப் பாருங்கள்.

கேர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) புதுப்பித்த பிறகு சேர்வர் கிளம்பாமல் இனிட்ராம்எஃப்எஸ் திரையிலேயே நின்றால், கிளம்பும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஆரம்பப் படிமத்துக்குள் ட்றைவர் சேரவில்லை என்பது பெரும்பாலும் காரணம். பழைய கேர்னலைத் தெரிவுசெய்து கிளப்பி, இனிட்ராம்எஃப்எஸ் மொடியூல் பட்டியலில் ட்றைவர் பெயரை எழுதிப் படிமத்தை மீண்டும் கட்டுங்கள். அதற்காகவே பழைய கேர்னல் ஒன்றை எப்போதும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

ட்றைவர் பாதையைத் திறக்கும், அந்தப் பாதையில் அட்டையோடு பேசுவது வேறொரு கருவி. மெகாரெய்டுக்கு 'ஸ்ரோர்சிஎல்ஐ', டெல்லுக்கு அதே கட்டளைகளோடு 'பெர்க்சிஎல்ஐ', எச்பிக்கு 'எஸ்எஸ்ஏசிஎல்ஐ'. ஸ்ரோர்சிஎல்ஐயில் 'சி0' (முதல் அட்டை), 'விஆல்' (எல்லா அரேயும், அதாவது சேர்த்துக் கட்டிய டிஸ்க் தொகுதிகள்) என்று கொடுத்து 'ஷோ' போட்டால் நிலை நிரலில் 'ஒப்டிஎல்' (எல்லாம் சரி) இருக்க வேண்டும். 'டிஜிஆர்டி' என்றால் டிஸ்க் ஒன்று இல்லை. 30 நிமிடத்துக்கு ஒரு தடவை கிரொன் (குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் லினக்ஸ் கருவி) இதை ஓட்டி, ஒப்டிஎல் அல்லாத எதைக் கண்டாலும் எஸ்எம்எஸ் அனுப்பும்படி சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். கரண்ட் போனால் இணைய இணைப்பும் போகும், அதனால் மின்னஞ்சலை மட்டும் நம்ப வேண்டாம், டொங்கிள் ஒன்று செருகிவையுங்கள். அட்டை பீப் அடித்தால் சத்தத்தை நிறுத்துவதற்கு முன் எந்த ஸ்லொட் (டிஸ்க் செருகும் இடம்) என்று எழுதிவையுங்கள்.

சாகப்போகும் டிஸ்க்கை முன்கூட்டியே பிடிக்க 'ஸ்மார்ட்சிடிஎல்' உதவும். 'மெகாரெய்ட்' என்ற வகையோடு டிஸ்க்கின் டிஐடி எண்ணை (அட்டை அந்த டிஸ்க்குக்கு வைத்த இலக்கம்) கொடுத்தால் அட்டைக்குப் பின்னாலுள்ள டிஸ்க்கையே படிக்கும். சாட்டா டிஸ்க்கில் (சாட்டா, சாஸ் இரண்டும் டிஸ்க் இணைப்பு வகைகள்) 5, 197 என்ற இலக்கமிட்ட வரிகளைப் பாருங்கள், பழுதான பகுதிகளை அவை எண்ணும். பூச்சியமல்லாத எண் கிழமைக்குக் கிழமை ஏறினால் மாற்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடுங்கள்.

மாற்றும்போதுதான் பிழை நடக்கும், அவசரப்படாதீர்கள். 'ஈ32, எஸ்2' (பெட்டி 32, ஸ்லொட் 2) போன்ற இலக்கத்துக்கு 'ஸ்டார்ட் லொக்கேற்' கொடுத்தால் அந்த ஸ்லொட்டின் விளக்கு மினுங்கும். கண்ணால் கண்ட பிறகே தொடுங்கள், பக்கத்து டிஸ்க்கை இழுத்தால் அரே அந்த நொடியில் விழும். கைப்பிடியைத் திறந்து இரண்டு விரற்கிடை மட்டும் இழுத்து, தட்டு சுழற்சி அடங்க 30 விநாடி விட்டு வெளியே எடுங்கள். புதியது சாஸுக்குச் சாஸ், சாட்டாவுக்குச் சாட்டா, கொள்ளளவு சமம் அல்லது கூட. செருகியதும் 'ஆர்பிஎல்டி' (தரவை மீளக் கட்டுகிறது) வர வேண்டும். 'ஃபொறின்' என்று வந்தால் அது வேறு அரேயில் இருந்த டிஸ்க்: அந்த ஒன்றின் பழைய பதிவை அழித்துத்தான் சேர்க்க வேண்டும். அட்டையை மாற்றிய பிறகு எல்லா டிஸ்க்கும் ஃபொறின் என்று வந்தால் கதை வேறு. அங்கே 'இம்போர்ட்' (டிஸ்க்கிலுள்ள பதிவை அட்டைக்குள் ஏற்றுதல்) மட்டும், அழித்தால் தரவு திரும்பாது.

எங்கள் பக்கத்தில் மிக அதிகம் கவனிக்க வேண்டியது அட்டையின் பற்றரி. 'ரைட்பேக்' நிலையில் எழுதும் தரவு முதலில் அட்டையின் கேஷில் (தற்காலிக நினைவகம்) தங்கும், கரண்ட் போனால் பற்றரிதான் அதைக் காக்கும். நல்ல பற்றரி, மாதிரியைப் பொறுத்து 24 முதல் 72 மணித்தியாலம் தாங்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, சோளகக் காலத்துச் சூட்டில் கிழடாகிப்போன பற்றரிக்கு அது மிக அதிகம். பற்றரி செத்தால் அட்டை தானாக 'ரைட்துரூ'வுக்கு (டிஸ்க்கில் நேரே எழுதும் நிலை) மாறும், சேர்வர் மந்தமாகும். வேகம் வேண்டுமென்று 'ஏடபிள்யூபி'யைப் போடாதீர்கள். பற்றரி இல்லாமலே கேஷில் எழுதச் சொல்லும் நிலை அது. டிஸ்க்குகளின் சொந்தக் கேஷையும் 'பிடிகேஷ்' ஓஃப் என்று நிறுத்துங்கள், யூபிஎஸ் தீர்ந்தால் அதிலுள்ளதை எதுவும் காக்காது. மாதம் ஒரு முறை 'பிபியூ ஷோ' பார்த்து, மாற்றச் சொன்னால் மாரியின் இடி மின்னல் தொடங்கும் ஒக்டோபருக்கு முன் மாற்றிவிடுங்கள்.