டிஸ்டோபியன் கதையில், அதாவது அடக்குமுறை நிறைந்த கற்பனை உலகில் நடக்கும் கதையில், முன்பின் தெரியாத இருவரை ஒருவரையொருவர் நம்ப வைப்பது எப்படி?

முதல் கதை எழுதுகிறவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். இரண்டாம் பக்கத்தில் சந்தித்த இருவர் நான்காம் பக்கத்தில் மனம்விட்டுப் பேசுவார்கள். காட்டிக்கொடுத்தால் சலுகை கிடைக்கும் ஊரில் வாய் அவ்வளவு சீக்கிரம் திறக்காது.

படி 1: நம்பி ஏமாந்தால் எது போகும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 'உயிர்' என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம், ஒளித்து வைத்த மருந்து என்பது போல ஒன்று போதும். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாஸியின் கோப்புகளை 1992-ல் மக்கள் படிக்கத் தொடங்கியபோது, தங்களைப் பற்றித் தகவல் கொடுத்தது நெருங்கிய நண்பர் என்று பலருக்குத் தெரியவந்தது, ஒரு பெண்ணுக்குக் கணவரே. அந்த பயம் உங்கள் பாத்திரத்தின் உடம்பில் இருக்க வேண்டும்.

படி 2: ஒருவர் முதலில் எதையாவது இழக்கட்டும். எனக்கு இதுதான் முக்கியமான படி, நேரத்தை இங்கே செலவழியுங்கள். சோதனைச் சாவடியில் ஒருத்தியின் அட்டை நேற்றோடு காலாவதி. பின்னால் நிற்பவன் தன் தண்ணீர் பாட்டிலைக் கைதவறியது போலக் கீழே போடுகிறான், காவலர் அவனைத் திட்டத் திரும்பிய நேரத்தில் அவள் தாண்டிவிடுகிறாள். அவனுக்கு அன்றைய தண்ணீர் போச்சு. அவள் நன்றி சொல்லக் கூடாது, திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. மறுநாள் அதே வரிசையில் தன் பங்கில் பாதியை அவன் பாட்டிலில் ஊற்றி, மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டு நகர்கிறாள். வசனமே வேண்டாம்.

படி 3: சரி, அவன் ஏன் உதவினான்? தூண்டிலாகவும் இருக்கலாமே. அதனால் அவள் ஒரு பொய்யைச் சொல்லிப் பார்ப்பாள்: "வியாழக்கிழமை பழைய பம்ப் அறையில் இருப்பேன்." எதிர் மாடியிலிருந்து, யார் வருகிறார்கள் என்று கவனிப்பாள்.

படி 4: மறுபடி மறுபடி சந்திக்க ஒரு காரணம் கொடுங்கள், ஒரே ஷிஃப்ட், ஒரே வரிசை, எதுவானாலும். 1980 வாக்கில் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்சல்ராட் ஒரு கணினிப் போட்டி நடத்தினார், ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று நிரல்கள் இரண்டிரண்டாக மோதும். அதில் வென்றது மிக எளிய உத்தி: முதலில் ஒத்துழை, அப்புறம் எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய். ஒரே ஜோடி பல சுற்று மோதியதால்தான் அது பலித்தது, ஒரே ஒரு சுற்று என்றால் ஏமாற்றுகிறவருக்கே லாபம்.

படி 5: 'நீங்கள்' எப்போது 'நீ' ஆகிறது என்று பாருங்கள். தமிழில் எழுதுகிற நமக்கு இது பெரிய வசதி, அவசரப்பட்டுச் செலவழித்துவிடாதீர்கள். பெயரைக் கடைசியில் கேட்கட்டும். அவள் சொன்னது உண்மைப் பெயர்தானா என்பதை நீங்கள் மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.