முதியவர்களுக்குப் பகுதி முழங்கால் மாற்று: முடிவெடுப்பதும் தயாராவதும்

முழங்கால் மூட்டில் உட்புறம், வெளிப்புறம், சில்லுக்குப் பின்புறம் என மூன்று பகுதிகள் உண்டு. தேய்மானம் ஒரு பகுதியோடு நின்றிருந்தால், மூட்டு முழுவதையும் மாற்றாமல் அதை மட்டும் மாற்றலாம். தொடைத் தசைநாரைப் பெரிதாக வெட்டாமல் ஏறத்தாழ 8 முதல் 10 செ.மீ. கீறல் வழியாகவே இதைச் செய்ய முடிகிறது.

ஆனால் தழும்பின் அளவைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இந்த முழங்காலுக்கு இது பொருந்துமா என்பதே முதல் கேள்வி. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுபவருக்குப் பொருந்தும் வாய்ப்பு அதிகம். உள்ளங்கையால் முழங்கால் முழுவதையும் தடவிக் காட்டுபவருக்குக் குறைவு. படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரே போதாது, நின்றபடி எடுத்ததையும் கேளுங்கள், ஏனெனில் உடல் எடை இறங்கும்போதுதான் மூட்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது தெரியும். முடக்குவாதம் எனும் மூட்டு அழற்சி நோய் உள்ளவர்களுக்கும், காலை நீட்டவே முடியாதபடி மடங்கிப்போனவர்களுக்கும் முழு மாற்றே பொதுவாக ஏற்றது.

பகுதி மாற்றில் நோயாளி விரைவாக நடமாடுகிறார், இரத்த இழப்பும் குறைவு. ஆயினும் பிற்காலத்தில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு முழு மாற்றைவிட அதிகம். எனவே மருத்துவர் ஆண்டுதோறும் இதை எத்தனை பேருக்குச் செய்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். அடிக்கடி செய்பவரிடம் முடிவுகள் மேம்பட்டிருப்பது மூட்டு மாற்று அறுவைகளின் பதிவேடுகளில் தெளிவாகத் தெரிகிறது.

அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பல், தோல், சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் குணப்படுத்த வேண்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் வழுக்கும் விரிப்புகளை அகற்றி, கழிப்பறையில் கைப்பிடி பொருத்துங்கள்.

பெரும்பாலும் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கருடன் நடக்கவைப்பார்கள். படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது இதமாக இருக்கும், ஆனால் கால் முழுவதும் நீளாமல் போகும் என்பதால் அதைத் தவிர்த்து, குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வையுங்கள். கைத்தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது அறுவை செய்த காலும் முதலில் செல்லட்டும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சுத் திணறினால் சிறிதும் காத்திராமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.